எங்கிருந்து வந்தது, எங்கே போகும்?

நான் விலங்கியல் ஆசிரியையாக வேலை பார்த்த அரசு மேல்நிலைப் பள்ளி மண்டபம் பகுதியில் இருக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தத் திசையில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது அறிவியல் கண்காட்சிக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் சுற்றறிக்கை வரும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக முன்வைக்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து நண்பர்கள் அதைக் கிராமத்துப் பள்ளிகள் வரை கொண்டு சேர்த்தார்கள். பணிக்காலம் முழுக்க நான் அதில் வழிகாட்டி ஆசிரியையாக இருந்தேன்.

வழிகாட்டி என்றால் தலைப்பு எடுத்துக் கொடுப்பவர், சார்ட் எழுத வைப்பவர், மேடையில் பேசப் பழக்குபவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உயிரியல் ஆய்வில் அவையெல்லாம் சின்ன வேலைகள். பெரிய வேலை பொருள் சேர்ப்பது. இயற்பியல் ஆய்வுக்குக் கம்பியும் பல்பும் கடையில் கிடைக்கும். உயிரியலில் பொருள் என்பது ஓர் உயிர், அல்லது உயிரைத் தொடுகிற ஒரு ரசாயனம். அதைப் பிடிக்க, வாங்க, வைத்திருக்க, வளர்க்க, அழிக்க ஒவ்வொன்றுக்கும் சட்டமும் பாதுகாப்பு முறையும் உண்டு. அதனால் எங்கள் ஆய்வகத்தில் தலைப்பைப் பேசும் முன்பே இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது? வேலை முடிந்ததும் எங்கே போகும்? இரண்டுக்கும் பதில் தெரிந்த பிள்ளைதான் அடுத்த பக்கம் எழுதலாம்.

கடலோரப் பிள்ளைகளுக்குக் கடல்தான் முதல் ஆய்வகம். "டீச்சர், இத வச்சு ப்ராஜெக்ட் பண்ணலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். கையில் காய்ந்த கடல் குதிரை இருக்கும், அல்லது பவளத் துண்டு இருக்கும். அப்பாவின் வலையில் ஏறிய கடல் அட்டையைத் தூக்குவாளியில் உயிரோடு கொண்டுவந்த பையனும் உண்டு. கடல் குதிரை, கடல் அட்டை, பாறை கட்டும் பவளம் மூன்றும் 2001-இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தவை. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை அது. பிடிப்பது மட்டும் இல்லை, வைத்திருப்பதும் கண்காட்சிக்குக் கொண்டுபோவதும் குற்றம்.

அந்த இடத்தில் பிள்ளையைத் திட்டினால் ஆர்வம் செத்துப்போகும். கடல் அட்டையை அன்றைக்கே அவன் அப்பாவோடு அனுப்பிக் கடலில் விடச் சொன்னேன். பிறகு அவனை உட்கார வைத்து, "இதுல உனக்கு என்னப்பா தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டேன். "இது மண்ணத் தின்னு மண்ணாவே போகுது டீச்சர். அப்போ அதுக்கு என்ன கெடைக்குது? மண்ணுக்கு என்ன ஆகுது?" என்றான். முதல்தரமான கேள்வி. அதைக் கேட்கக் கடல் அட்டைதான் வேண்டும் என்று இல்லையே. மண்ணைத் தின்று மண்ணைக் கழிக்கும் இன்னொரு உயிர் மண்புழு. மண்புழு உரம் தயாரிக்கும் வீட்டில் கைப்பிடி புழுவை யாரும் மனமுவந்து கொடுப்பார்கள், எந்தச் சட்டமும் தடுக்காது. இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் மணலும் மண்ணும் மக்கிய இலையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஒன்றில் மட்டும் புழுவை விட்டான். அடுக்குகள் கலையும் வேகத்தையும் தண்ணீர் இறங்கும் வேகத்தையும் அளந்தான். ஆய்வு முடிந்ததும் புழுக்கள் வந்த உரக்குழிக்கே திரும்பிப் போயின. கேள்வியை விடாதே, உயிரை மாற்று என்பது அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தின் விதி.

எங்கள் பள்ளி அருங்காட்சியக அலமாரியில் பழைய ஃபார்மலின் குப்பிகள் வரிசையாக இருக்கின்றன. நட்சத்திர மீன், கடல் சாமந்தி, குருசடைத் தீவின் மணலில் எடுத்த பலனோகிளாசஸ். ஒரு காலத்தில் மாநிலத்தின் விலங்கியல் மாணவர்கள் எல்லாம் சேகரிப்புப் பயணமாக மண்டபத்துக்கு வந்து, படகேறி, குருசடையில் இறங்கி, கண்ணில் பட்டதைக் குப்பியில் போட்டுக்கொண்டு போனார்கள். 1986-இல் குருசடை உள்ளிட்ட 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே இருந்து ஒரு சிப்பியைக்கூட ஆய்வு என்ற பெயரில் எடுக்கக் கூடாது. இருக்கிற குப்பிகளே பாடத்துக்குப் போதும். அவற்றையும் திறக்க விடுவதில்லை. ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மூடி இறுகிய குப்பியை வெளியே இருந்து பார்ப்பதோடு சரி.

அறுத்துப் பார்த்துத்தான் உள்ளுறுப்பு தெரிய வேண்டும் என்றால் மீன் சந்தை இருக்கிறது, கறிக்கடை இருக்கிறது. தவளையைப் பிடித்து அறுக்கும் காலம் போய்விட்டது. கல்லூரி விலங்கியலிலேயே விலங்கு அறுவையை நிறுத்தும்படி 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. உணவுக்காக விற்கப்படும் கணவாயை வாங்கினால் ஒரே உடலில் செவுள், மூன்று இதயம், மைப்பை, ஓட்டின் மிச்சமான கண்ணாடி போன்ற எலும்பு, லென்ஸ் உள்ள கண் எல்லாம் பார்க்கலாம். ஆட்டு இதயத்தை நீளவாக்கில் பிளந்தால் இடது கீழறைச் சுவர் வலது கீழறைச் சுவரைவிட எவ்வளவு தடிப்பு என்று விரலால் தொட்டே உணரலாம். அதற்காக ஓர் உயிரையும் தனியாகக் கொல்லவில்லை. கையுறையும் நல்ல கத்தரிக்கோலும் போதும். வேலை முடிந்தால் மேசையை ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, கழிவை ஆழமாகப் புதைக்க வேண்டும்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் எல்லாச் சிக்கலும் அதில் இருந்தது. அவள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கடலடிப் பார்களில் மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்கள் எங்கள் கரையில் ஏராளம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை எல்லாம் மகளுக்கு மனப்பாடம். கஞ்சிப் பாசியை அரைத்துச் சாறெடுத்து, அது நோய்க்கிருமியைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

என் இரண்டு கேள்விகளையும் கேட்டேன். நோய்க்கிருமி எங்கிருந்து வரும்? பள்ளியில் நோய்க்கிருமியை வளர்க்கக் கூடாது, முடிந்தது. பாசி எங்கிருந்து வரும்? அங்கேதான் அவள் தயங்கினாள். மாலையில் அம்மாவையே அழைத்துக்கொண்டு வந்தாள்.

"தீவுப் பக்கம் எடுத்ததுன்னு எழுதாதீங்க டீச்சர். வடகடல்ல எடுத்ததுன்னு எழுதிக்கங்க. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் அந்த அம்மா.

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. தலைமுறையாகச் செய்த தொழில் ஒருநாள் பூங்கா எல்லைக்குள் சிக்கிக்கொண்டது. அவர் பிழைப்பை மகளின் சார்ட்டில் எழுதிக் கண்காட்சியில் தொங்கவிட நான் யார்? அதே நேரம், சேகரித்த இடத்தை மாற்றி எழுதினால் அது ஆய்வுக் கட்டுரை இல்லை. "பொய்யும் எழுத வேணாம், நீங்க எடுக்கிற பாசியும் வேணாம் அக்கா. வளர்க்கிற பாசிய எடுப்போம்" என்றேன்.

பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் பாசியை மகளிர் குழுக்கள் வளர்க்கின்றன. 2000-ஆம் ஆண்டையொட்டி பெப்சி நிறுவனம் இங்கே அந்த வளர்ப்பைத் தொடங்கி வைத்ததால் ஊரில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர். விதைப்பாசியைக் கயிற்றில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கராஜீனன் அதிலிருந்து வருகிறது. அந்தப் பாசியின் சாற்றைப் பயிருக்குத் தெளிக்கும் முறையை மத்திய உப்பு மற்றும் கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதன் பாசி ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது. ஆக, கேள்வி மாறியது. பாசிச் சாறு பச்சைப்பயறு முளையை வளர்க்குமா, எவ்வளவு ஊற்றினால் கெடுக்கும்?

அவள் சித்தியின் மிதவையில் அறுத்த பாசி வந்தது. நல்ல தண்ணீரில் அலசி, மிக்ஸியில் அரைத்து, வேட்டித்துணியில் பிழிந்தால் கொழகொழப்பான சாறு. அடுத்து விதை. விதைக் கடையில் வாங்கும் விதை பல நேரம் சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். அது பூஞ்சைக்கொல்லி பூசிய நேர்த்தி விதை. கையில் படக் கூடாது, ஆய்வின் முடிவையும் கெடுக்கும். மளிகைக் கடைப் பயறு பழையதாக இருந்தால் முளைக்காது. அதனால் விவசாயம் செய்யும் உறவினர் வீட்டில் மருந்து கலக்காமல் எடுத்துவைத்த பயறு வாங்கினோம். எங்கே, எந்த அறுவடை என்று நோட்டில் குறித்தாள்.

சாற்றை 1, 5, 10, 20 சதவீதமாகக் கலக்கினாள். வெறும் தண்ணீர்த் தட்டு ஒன்று வைத்தாள். "சாறு உப்புக் கரிக்குதே டீச்சர், செடி குன்றிப்போனா அது பாசியாலயா, உப்பாலயா?" என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளைத் தேசிய மாநாட்டுக்கு அனுப்பலாம். குடிநீர் கேன் விற்பவர்கள் தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். பேனா ஒன்றை இரவல் வாங்கினோம். ஒவ்வொரு சாற்றுக் கரைசலுக்கும் அதே அளவு காட்டும்வரை தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, சாறில்லாத உப்பு நீர்த் தட்டுகள் தனியாக வைத்தாள். பாசிச் சாற்றில் பொட்டாசியம் அதிகம் என்பதால் கல்லுப்பு அதற்குச் சரியான இணை ஆகாது. அதையும் கட்டுரையில் எழுதச் சொன்னேன். குறைந்த அடர்த்திச் சாற்றில் வேர் தண்ணீர்த் தட்டைவிட நீண்டது, உப்பு நீரில் நீளவில்லை. 20 சதவீதத்தில் சாறும் உப்பு நீரும் ஒன்றுபோலக் குன்ற வைத்தன. அப்படியானால் கெடுத்தது உப்பு, வளர்த்தது சாற்றில் உள்ள வேறு ஏதோ ஒன்று. ஒரு பள்ளி மாணவி இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தால் அது முழுமையான ஆய்வு.

மிச்சப் பாசி எங்கே போகும் என்பது இரண்டாவது கேள்வி. கடலில் எடுத்ததைக் கடலில் போடுவதுதானே என்று எல்லோருக்கும் தோன்றும். கூடவே கூடாது. கப்பாபைகஸ் நம் கடலுக்கு வெளியே இருந்து வந்த இனம். ஒரு துண்டு போதும், கிளைத்துவிடும். குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் அது படர்ந்து மூடுவதை 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். சக்கையை வெயிலில் சருகாகக் காயவைத்து, நீரில் உப்பைப் போக்கி, பள்ளித் தோட்டத்து எருக்குழியில் போட்டாள். மீன்தொட்டியில் வளர்த்த மீனை ஆய்வு முடிந்ததும் கண்மாயில் விடாதே, குளத்து ஆகாயத்தாமரையை வேறு குளத்துக்குக் கொண்டுபோகாதே என்று நான் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

எங்கள் கரைப் பாசிக்கு நுண்ணுயிரியலில் ஒரு பெரிய இடம் உண்டு. நுண்ணுயிரை வளர்க்க ராபர்ட் காக் ஆய்வகத்தில் முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். 37 டிகிரி வெப்பத்தில் அது உருகிவிடும், சில பாக்டீரியா அதைக் கரைத்தும் விடும். 1881-இல் அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அகார் ஏறக்குறைய 85 டிகிரியில்தான் உருகும், 40 டிகிரிக்குக் கீழேதான் இறுகும். அன்றிலிருந்து இன்றுவரை உலகெங்கும் அதுதான். மண்டபம் கரையில் பறித்த மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் மதுரை ஆலைகளில் அகாராகின்றன. நோன்பு மாதத்தில் கடல்பாசி இனிப்பு செய்ய மளிகைக் கடையில் வாங்குகிறோமே, அதேதான்.

ஆய்வகத் தர அகார் வாங்கப் பணம் இல்லாத பள்ளிக்கு இந்த மளிகைக் கடை அகார் போதும். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீர், 20 கிராம் குளுக்கோஸ், 15 முதல் 20 கிராம் அகார், மொத்தம் ஒரு லிட்டர். பூஞ்சை வளர்க்கும் உருளைக்கிழங்கு ஊடகம் தயார். கிருமி நீக்க ஆட்டோகிளேவ் வேண்டும் என்பார்கள். ஆட்டோகிளேவ் செய்வது 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி நீராவியைப் பிடித்து வைப்பது. நல்ல பிரஷர் குக்கரும் அதைத்தான் செய்கிறது. அடியில் தட்டு வைத்து, புட்டிகளின் வாயைப் பஞ்சால் அடைத்து, காகிதம் சுற்றி, ஆவி சீராக வந்த பிறகு வெயிட் போட வேண்டும். முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 20 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கும்வரை திறக்கக் கூடாது. அந்தக் குக்கர் மேல் ஆய்வகம் என்று பெயிண்டில் எழுதிவிட்டோம். அது மறுபடி எந்தச் சமையலறைக்கும் போகாது.

தட்டு தயாரானதும் பிள்ளைகள் கேட்பது சாக்கடைத் தண்ணீர், கழிப்பறைக் கைப்பிடி, எச்சில். எதில் அதிகக் கிருமி என்று பார்க்கத் துடிப்பார்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இருக்கிறது. துடைத்து எடுத்தபோது நூறாக இருந்தது தட்டில் கோடிக்கணக்காகப் பெருகிவிடும். அதில் எது டைபாய்டு, எது வயிற்றுப்போக்கு என்று நம்மால் சொல்ல முடியாது. என் விதிகள் கடுமையானவை. தெரியாத நுண்ணுயிரை வீட்டில் வளர்க்கவே கூடாது. பள்ளியில் காற்றுக்குத் திறந்து வைத்த தட்டு என்றால் உடனே மூடி, சுற்றிலும் டேப் ஒட்ட வேண்டும். பிறகு யாரும் திறக்கக் கூடாது. எண்ணுவதும் படம் எடுப்பதும் மூடியின் வழியேதான். மனித உடலின் 37 டிகிரியில் வைக்காமல் அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். முடிந்ததும் திறக்காமலே அரை மணி நேரம் குக்கரில் வேகவைத்த பிறகுதான் குப்பை.

பெயர் தெரிந்த, தீங்கில்லாத நுண்ணுயிர் எங்கே கிடைக்கும் என்று எத்தனையோ ஆசிரியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. அங்கே ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா எல்லாம் உயிர் உரமாகவும் உயிர்ப் பூஞ்சைக்கொல்லியாகவும் பாக்கெட்டில் கிடைக்கும். விலை பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும். பாக்கெட்டில் உயிரின் பெயர், தயாரித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அச்சிட்டிருக்கும். டிரைக்கோடெர்மா தூளை மட்டும் மூக்கருகே கொண்டுபோகாமல் முகக்கவசத்தோடு ஈரமாக்கிக் கையாள வேண்டும். பேக்கரியில் ஈஸ்ட், வீட்டில் தயிர், மாவாட்டிய இரவிலேயே லியுகோனோஸ்டாக் பாக்டீரியா பெருகும் இட்லி மாவு. இவ்வளவு இருக்கும்போது சாக்கடைக்கு ஏன் போக வேண்டும்? குறிப்பிட்ட பாக்டீரியாதான் வேண்டும் என்றால் சண்டிகரில் 1986-இல் தொடங்கிய நுண்ணுயிர் சேமிப்பகம் எம்.டி.சி.சி. இருக்கிறது. அதைப் பள்ளி தானாக வரவழைத்து உடைப்பதைவிட, நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரியின் வழியே, அங்கேயே வைத்து ஆய்வு செய்வதுதான் முறை.

பாக்டீரியாவோடு கூடவே ஆன்டிபயாட்டிக் கேட்பார்கள். தெரிந்த மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிவிடலாம் என்பார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு 2014 முதல் கடைக்காரர் தனிப் பதிவேடே வைக்க வேண்டும். மஞ்சளும் பூண்டும் கிராம்பும் வைத்துச் செய்யலாம் என்று சொல்லிவிடுவேன். ரத்தம் குத்தி எடுக்கும் ஆய்வையும் அனுமதித்தது இல்லை. ஒரே ஊசி இரண்டு விரலுக்குப் போனால் வரும் நோய்க்கு எந்தப் பரிசும் ஈடாகாது. ரத்த வகை எப்படிக் குடும்பத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டுமா, சம்மதம் கேட்டு, பெயரை மறைத்து, ஏற்கெனவே தெரிந்த வகைகளை எழுதி வாங்கினால் போதும்.

மாசு பற்றிய ஆய்வுகளில் மீன்தான் பலி. சோப்புத் தண்ணீரில் மீனைப் போட்டு எத்தனை மணி நேரத்தில் சாகிறது என்று பார்ப்பதை ஆய்வு என்று பல கண்காட்சிகளில் வைத்திருக்கிறார்கள். மீன் முதுகெலும்புள்ள விலங்கு. வலியும் மூச்சுத்திணறலும் அதற்கு உண்டு. சாகடிப்பதையே அளவீடாக வைக்கும் ஆய்வுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதே கேள்விக்கு வெங்காயம் பதில் சொல்லும். 1938-இல் ஆல்பர்ட் லெவான் என்ற ஸ்வீடன் அறிஞர் வெங்காய வேரை வைத்து ரசாயனத்தின் நஞ்சைச் சோதிக்கும் முறையைக் காட்டினார். சின்ன வெங்காயத்தின் அடிப்பாகம் தண்ணீரில் தொடும்படி வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் இறங்கும். ஒன்று நல்ல தண்ணீரில், மற்றவை சோப்புக் கரைசலின் வெவ்வேறு அடர்த்தியில். வேரின் நீளத்தை அடிக்கோலால் அளக்கலாம். கல்லூரி நுண்ணோக்கி கிடைத்தால் வேர் நுனியை அசிட்டோகார்மினில் சாயமேற்றி நசுக்கி, 16 குரோமோசோம்களும் ஒழுங்காகப் பிரிகின்றனவா, ஒட்டிக்கொள்கின்றனவா என்றும் பார்க்கலாம். நஞ்சு உயிரணுவை என்ன செய்கிறது என்பதை மீன் சாவதைவிட ஆழமாக இது காட்டும்.

கொசுப்புழு ஆய்வுக்கும் நிபந்தனை உண்டு. வளர்க்கும் பாத்திரத்தை வலைத்துணியால் இறுகக் கட்ட வேண்டும். கூட்டுப்புழு ஆனதுமே எண்ணிக்கை முடிந்து, வெந்நீர் ஊற்றிவிட வேண்டும். ஏடிஸ் கொசு பறந்துபோய் தெருவுக்கு டெங்கு கொடுத்துவிட்டு வரும் அறிவியல் நமக்கு வேண்டாம்.

சாயமும் ரசாயனமும் வாங்குவதற்கு மதுரைக்கும் சென்னைக்கும் ஓட வேண்டியதில்லை. மெத்திலீன் நீலம் வண்ணமீன் கடையில் மீன் மருந்தாகக் கிடைக்கும். கன்ன உயிரணுவுக்கு அதை நீர்த்துத் தொட்டால் உட்கரு நன்றாகத் தெரியும். மாவுச்சத்துச் சோதனைக்கு மருந்துக் கடை பொவிடோன் அயோடின் போதும். நொதி ஆய்வுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அதற்கு மேல் அடர்த்தி வேண்டாம். அமிலம், காரம் காட்ட சங்குப்பூ. இலையின் பச்சையத்தை எடுக்கச் சாராயம் வேண்டும் என்பார்கள். எரிசாராயம் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டிய பொருள். அதை யார் மூலமாகவோ வாங்கிவரச் சொல்லிப் பிள்ளையை அனுப்பக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றினால் வேலை நடக்கும். நேரடித் தீயில் அதை வைக்கக் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். புட்டியில் என்ன இருக்கிறது, யார் எப்போது ஊற்றியது என்று தாள் ஒட்டாத எந்தப் புட்டியும் எங்கள் மேசையில் இருக்கக் கூடாது.

வெளியே இருந்து ஒரு பொருள் கேட்பதற்குக் கடிதம் எழுதும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது எனக்கு மிகவும் நிறைவு தந்த வேலை. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் மண்டபத்தில் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய இடங்களுக்குக் கடிதம் தலைமையாசிரியர் கையெழுத்தோடு போக வேண்டும். அதில் மாணவரின் கேள்வி என்ன, என்ன பொருள், எவ்வளவு, எந்த நாளுக்குள், பள்ளியில் பொறுப்பு யார், முடிந்ததும் எப்படி அழிப்போம் என்று ஆறு விஷயம் இருக்க வேண்டும். எவ்வளவு என்ற இடத்தில் கொஞ்சம் என்று எழுதினால் யாரும் கொடுக்க மாட்டார்கள். 50 மில்லி என்று எழுதினால், இந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். வனத்துறை அனுமதி வேண்டிய பொருள் என்றால் கடிதமே எழுதுவதில்லை. பள்ளி ஆய்வின் காலத்துக்குள் அது வந்து சேராது. உயிரை மாற்றிக்கொள்வதே நல்லது.

அமெரிக்காவில் 1950 முதல் நடக்கும் சர்வதேச மாணவர் அறிவியல் கண்காட்சிக்கு ஐரிஸ் என்ற தேசியப் போட்டியின் வழியே நம் பிள்ளைகளும் போகிறார்கள். அங்கே முதுகெலும்பு விலங்கு, மனிதர், நுண்ணுயிர், ஆபத்தான ரசாயனம் எதைத் தொட்டாலும் ஆய்வு தொடங்கும் முன்பே படிவம் நிரப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். செய்துவிட்டுப் பிறகு கேட்டால் போட்டியிலேயே சேர்க்க மாட்டார்கள். காட்சி மேசையில் உயிருள்ள எதையும், மண், தண்ணீர், ரசாயனத்தையும்கூட வைக்க விடுவதில்லை. படமும் நோட்டும்தான். நம் ஊர்க் கண்காட்சிகளில் தொட்டியில் மீன் நீந்தாவிட்டால் நடுவர் நின்று பார்க்க மாட்டார் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அது மாற வேண்டும்.

இந்த விதிகளால் ஆய்வு குறுகிப்போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. என் அனுபவம் நேர் எதிர். தடை வந்த இடத்தில்தான் பிள்ளைகள் தங்கள் கேள்வியைத் திருப்பிப் பார்த்தார்கள். கடல் அட்டை கிடைக்காதவன் மண் எப்படி உயிரின் வழியாகப் போகிறது என்று யோசித்தான். நோய்க்கிருமி கிடைக்காதவள் உப்பையும் சாற்றையும் பிரித்துப் பார்த்தாள். அனுமதி கேட்கக் கற்ற பிள்ளைக்கு அளவு வந்தது, பதிவு வந்தது, தன் ஆய்வு இன்னொரு உயிரையும் இன்னொரு மனிதரையும் தொடுகிறது என்ற நினைப்பு வந்தது. அறிவியலில் முதலில் கற்க வேண்டியது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கை வந்ததும் தலைப்புப் பட்டியலைத் தேடாதீர்கள். பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்திலும் மீன் சந்தையிலும் மருந்துக் கடையிலும் என்ன கிடைக்கும் என்று பிள்ளைகளோடு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தலைப்பு அங்கிருந்தே வரும். நடுவர்கள் மதிப்பெண் தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் எங்கிருந்து வந்தது, முடிந்ததும் எங்கே போனது என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு, மேசையில் எதுவுமே இல்லாமல் ஒரு நோட்டோடு மட்டும் நின்றாலும், முழு மதிப்பெண் கொடுங்கள்.